லே மிஸராப்: மேடைப் பாட்டைப் படமாக்கினால் கெட்டுப்போகுமா?

தக்கலையிலிருந்து ஒருவர் கேட்டது, ஜூன் 3

லே மிஸராப் மேடை இசை நாடகத்தின் பாட்டுகளைக் கல்லூரிக் காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். 2012-ல் வந்த படத்தை இப்போதுதான் பார்த்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். பாடத் தெரியாத நடிகர்களைப் பிடித்துவந்து, முகத்துக்கு நேரே கேமராவை வைத்து, அழவிட்டு எடுத்திருக்கிறார்கள். நல்ல நாடகத்தைச் சினிமாக்காரர்கள் கெடுத்ததற்கு வேறு உதாரணம் வேண்டாம். இல்லை என்பவர்கள் சொல்லலாம்.

ஜூன் 3, இரவு

இல்லை என்கிறேன். ஆனால் பாதிக்குத்தான்.

ஒரு ஆள் தனியாக நின்று பாடும் இடங்களில் அந்தப் படம் மேடையை ஜெயித்துவிட்டது. கூட்டமாகப் பாடும் இடங்களில் தோற்றுவிட்டது. நீங்கள் பாதியில் நிறுத்தியதால் ஜெயித்த பாதியைப் பார்த்தீர்களா, தோற்ற பாதியைப் பார்த்தீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. எந்தப் பாட்டில் நிறுத்தினீர்கள்?

ஜூன் 4

"ஸ்டார்ஸ்" பாட்டில் நிறுத்தினாராம் தக்கலைக்காரர். ரஸ்ஸல் குரோ பாடுவது, கதாநாயகன் ஜான் வால்ஜானைத் துரத்துகிற போலீஸ்காரன் ஜாவராக. சரி, அந்தக் கோபம் நியாயமானதுதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சபையின் கொயரில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறேன். ஆல்டோ பாடுகிறவர்களுக்கு மெட்டு கிடைக்காது. சொப்ரானோக்காரிகள் மெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் நடுவில் ஒரே சுரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்போம். அதனால் எந்தப் பாட்டைக் கேட்டாலும் அடியில் என்ன ஓடுகிறது என்றுதான் என் காது போகும். இந்தப் படத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்தக் காதிலிருந்து வருவது.

1995 அக்டோபரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இந்த நாடகத்தின் பத்தாம் ஆண்டுக் கச்சேரி நடந்தது. கோம் வில்கின்சன், ஃபிலிப் க்வாஸ்ட், லியா சலோங்கா எல்லோரும் மைக் முன்னால் வரிசையாக நின்று பாடியது. அதன் கேசட் பிரதி ஒன்று எங்கள் கொயரில் கைமாறிக் கைமாறி வந்தது. என்னிடம் வந்தபோது முதல் பாட்டு தேய்ந்து, கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல் கேட்கும். எனக்கு லே மிஸ் என்றால் அதுதான். முகமே கிடையாது. குரல் மட்டும்.

ஜூன் 5

ஒருவர் "பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய படத்துக்கு இவ்வளவு விவாதமா" என்று கேட்டிருக்கிறார். இது அந்தப் புரட்சி இல்லை. பாஸ்டில் சிறையை உடைத்தது 1789. இந்தக் கதையில் மாணவர்கள் தெருவில் தடுப்பு கட்டிச் சண்டை போடுவது 1832 ஜூன் 5, 6 தேதிகளில். ஜெனரல் லமார்க் காலராவில் இறந்து, அவருடைய சவ ஊர்வலத்தில் தொடங்கிய கலகம். இரண்டே நாளில் அடக்கிவிட்டார்கள். விக்டர் ஹ்யூகோ அதை 1862-ல் வந்த மூல நாவலில் எழுதியிராவிட்டால் யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

தோற்ற கலகம் என்பது முக்கியம். ஜெயித்த புரட்சி என்று நினைத்துக்கொண்டு பார்த்தால், கடைசியில் எல்லோரும் செத்துப்போவது எதற்கென்றே புரியாது.

ஜூன் 5, மீண்டும்

இதே கதை தமிழில் படமானதை யாருமே சொல்லவில்லையே. "ஏழை படும் பாடு", 1950, பக்ஷிராஜா கம்பெனி, கே. ராம்நாத் இயக்கம், நாகையா கதாநாயகன். சுத்தானந்த பாரதியார் தமிழில் எழுதிய வடிவத்திலிருந்து எடுத்தது. போலீஸ்காரராக நடித்த சீதாராமனுக்கு அதற்குப் பிறகு கடைசிவரை "ஜாவர் சீதாராமன்" என்றே பெயர் நின்றுவிட்டது. பாரிஸ் தெருவில் திரிந்த போலீஸ்காரன் மைலாப்பூர் பக்கத்து ஆள் மாதிரி ஆகிவிட்டான். ஆனால் அது நாவலின் வழி வந்தது, மேடை இசை நாடகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த நாடகத்தின் பிரெஞ்சு வடிவமே 1980-ல்தான் வந்தது.

ஜூன் 8

நாங்கள் படம் பார்த்த கதையைச் சொல்கிறேன், அப்போதுதான் நான் சொல்ல வந்தது விளங்கும்.

சனிக்கிழமை கொயர் பிராக்டிஸ் முடிந்த பிறகு ஆலய ஹாலில் புரொஜெக்டர் வைத்துப் பார்த்தோம். வெளியே இடவப்பாதி மழை. ரசவடை, கட்டன் சாயா. ஸ்கிரீன் கிடையாது, கல்யாணத்துக்கு மேடை ஜோடிக்கிற வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார்கள். ஃபேன் காற்று பட்டால் வால்ஜானாக வரும் ஹ்யூ ஜாக்மன் முகம் நெளியும். கடைசியில் ஃபேனை நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டு பார்த்தோம்.

தமிழ் சப்டைட்டில் இல்லை. இங்கிலீஷ் சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு வயதானவர்களால் படிக்க முடியாது. முழுக்கப் பாட்டாகவே போகிற படம் வேறு, "என்ன, வசனமே வராதா?" என்று ஒருவர் அரைமணி நேரம் காத்திருந்தார். கொயரில் படிக்கிற பிள்ளைகள் நடுநடுவே தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

ஆனால் பிஷப் வெள்ளிப் பாத்திரங்களை, அவற்றைத் திருடிய வால்ஜானுக்கே கொடுத்து, மெழுகுவத்தித் தண்டுகளையும் மறந்துவிட்டாயே என்று எடுத்து நீட்டுகிற இடத்தில் யாருக்கும் சப்டைட்டில் தேவைப்படவில்லை. "இது நம்ம ஐயர் பிரசங்கத்தில சொன்ன கதையாக்கும்" என்று பின்வரிசையில் குரல் கேட்டது. உண்மைதான். எங்கள் பக்கத்தில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் என்றால் பாதி ஐயர்கள், அதாவது சபைப் போதகர்கள், இந்த மெழுகுவத்தித் தண்டில்தான் போய் நிற்பார்கள். பள்ளிக்கூடத்தில் பிஷப்பின் மெழுகுவத்தித் தண்டுகள் என்று ஓரங்க நாடகம் படித்தவர்களும் இருந்தார்கள்.

அந்த பிஷப்பாக நடித்தவர்தான் கோம் வில்கின்சன். 1985-ல் லண்டனில் முதன்முதலாக ஜான் வால்ஜானாக நின்றவர். பழைய வால்ஜான் புது வால்ஜானுக்கு வெள்ளியை எடுத்துக் கொடுக்கிறார். எனக்கு அங்கேயே தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்தில் இருந்த யாருக்கும் அது தெரியவில்லை, சொன்னேன், "அப்படியா" என்று வடையை எடுத்துக்கொண்டார்கள்.

ஜூன் 8, இரவு

விட்டுப்போனது: "லவ்லி லேடீஸ்" பாட்டு. துறைமுகத்து வேசிகள் பாடுவது. பாட்டு தொடங்கியதும் கொயர் மாஸ்டர் ரிமோட்டைத் தேடினார். ரிமோட்டை யாரோ ஒளித்துவைத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக வருபவர் ஃபிரான்சஸ் ரஃபெல், லண்டன் மேடையின் முதல் எபோனின் (மாணவன் மாரியுஸை ஒருதலையாகக் காதலிக்கிற பெண் வேடம்). இந்தப் படத்தில் பழைய மேடைக்காரர்களை அங்கங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

ஜூன் 9

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

வழக்கமாக இசைப்படம் எடுக்கும்போது பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிடுவார்கள். நடிகர் வாயசைப்பார். இயக்குநர் டாம் ஹூப்பர் இதில் அப்படிச் செய்யவில்லை. நடிகர்கள் காதுக்குள் சின்னக் கருவி. படப்பிடிப்பு இடத்தில் கேமராவுக்குத் தெரியாமல் ஒருவர் பியானோ வாசிப்பார். அது நடிகரின் காதில் மட்டும் கேட்கும். நடிகர் அங்கேயே பாடுவார். ஆர்க்கெஸ்ட்ராவைப் பிறகு சேர்த்தார்கள். ஆக, நடிகர் நிறுத்தினால் பியானோ நிற்கும், விம்மினால் பியானோ காத்திருக்கும்.

கொயரில் பாடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். நாங்கள் ஆர்கன்காரரின் பின்னாலேயே ஓடுகிறவர்கள். அவர் எங்களுக்காக ஒருநாளும் நின்றதில்லை.

வேலையிழந்த தாய் ஃபான்டீனாக வரும் ஆன் ஹாத்தவே "ஐ டிரீம்ட் எ டிரீம்" பாடுவதை ஏறக்குறைய வெட்டே இல்லாமல் ஒரே மூச்சில், முகத்தை மட்டும் வைத்து எடுத்திருக்கிறார்கள். வெட்டிய முடி அவருடைய சொந்த முடி. நான் பார்த்தது முடியை இல்லை, கழுத்தை. பாட்டின் நடுவில் மேல் சுரத்துக்குப் போகுமுன் கழுத்து நரம்பு புடைக்கிறது, சுரத்தைத் தொடுகிறார், தொட்டதும் பிடிக்காமல் விட்டுவிடுகிறார். பாட்டு வாத்தியார் யாராக இருந்தாலும் "பிடி, பிடி" என்று மேசையைத் தட்டியிருப்பார். கேசட்டில் நான் கேட்ட ரூத்தி ஹென்ஷால் அந்தச் சுரத்தைப் பிடித்து, நிறைத்து, அழகாக இறக்குவார். அது பாட்டு. இது ஒரு பெண்ணுக்கு மூச்சு போதாமல் போவது. மேடையில் இப்படிப் பாடினால் மூன்றாவது வரிசைக்கே கேட்காது. கேமரா இருப்பதால்தான் இது முடிகிறது.

இதைத்தான் படம் ஜெயித்த பாதி என்கிறேன்.

பாட்டின் இடத்தையும் மாற்றியிருக்கிறார்கள். மேடையில் ஃபான்டீன் ஃபாக்டரி வேலை போனதும் இதைப் பாடுவாள்; அதற்குப் பிறகுதான் லாக்கெட்டை விற்பது, முடியை விற்பது, உடம்பை விற்பது. படத்தில் எல்லாவற்றையும் விற்று முடித்த பிறகு பாடுகிறாள். எனக்குப் படத்தின் வரிசைதான் சரி. வேலை மட்டும் போனவளுக்கு அத்தனை பெரிய பாட்டு கொஞ்சம் அதிகம்.

ஜூன் 9, ஒரு மணி நேரம் கழித்து

ஒருவர் மறுத்திருக்கிறார்: மேடை வரிசையில்தான் கொடுமை அதிகம், எல்லாம் முடிந்தது என்று அவள் பாடுகிறாள், ஆனால் எதுவும் இன்னும் தொடங்கவேயில்லை.

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசிக்க வேண்டும்.

ஜூன் 12

"இப்படிப் பாடியபடியே படமெடுத்தது உலகத்திலேயே இதுதான் முதல்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படம் வந்தபோது செய்த விளம்பரத்தை அப்படியே நம்பிவிட்டார். 1964-ல் "மை ஃபேர் லேடி"யில் ரெக்ஸ் ஹாரிசன் கழுத்து டைக்குள் மைக்கை ஒளித்துவைத்து அங்கேயே பாடினார். அதே படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்கு மார்னி நிக்சன் பின்னணி பாடினார். ஒரே படத்தில் இரண்டு முறையும்.

அதை விடுங்கள். நம் தமிழ்ப் படங்களே தொடக்கத்தில் அப்படித்தானே? மேடை நாடகத்தை அப்படியே தூக்கிவந்து எடுத்தவைதான் ஆரம்ப காலப் படங்களில் பெரும்பாலானவை. 1934 "பவளக்கொடி"யில் தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் மேடையில் பாடிய ஜோடி, கே. சுப்பிரமணியம் அவர்களைக் கூட்டிவந்து படமெடுத்தார். வாயசைப்பெல்லாம் கிடையாது. பாடிக்கொண்டே நடிக்க வேண்டும், வாத்தியக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டு வாசிக்க வேண்டும். திறந்தவெளிப் படப்பிடிப்பு. காக்கா கத்தினால் பாட்டு போச்சு. காக்காவை விரட்டத் துப்பாக்கியோடு ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தார்கள் என்று பழைய சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்வதுண்டு. 1938 "நந்தகுமார்" வந்தபோதுதான் ஒருவர் நடிக்க இன்னொருவர் பாடுவது என்ற ஏற்பாடு இங்கே வந்தது.

அதனால் ஹூப்பர் செய்தது புதுசு இல்லை. நம் தாத்தாக்கள் வேறு வழியில்லாமல் செய்ததைக் காசு செலவழித்துச் செய்திருக்கிறார்.

ஜூன் 14

பெரியப்பாவிடம் இந்தச் சண்டையைச் சொன்னேன். வாலிப வயதில் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். கடற்கரை ஊர்த் திருவிழா நாடகம், கோயில் கொடை நாடகம், எதையும் விட்டதில்லை. என்.எஸ்.கே. பிறந்த ஒழுகினசேரியைத் தாண்டிப் போனால் இன்றைக்கும் பஸ்ஸுக்குள்ளேயே கையெடுத்துக் கும்பிடுகிற ஆள். டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகத்தில் என்.எஸ்.கே. நடித்ததும், அதே "மேனகா" 1935-ல் படமாக வந்தபோது அதிலும் நடித்ததும் அவருக்குச் சொந்த வீட்டுக் கதை மாதிரி.

ஹாத்தவே பாட்டை என் போனில் போட்டுக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு, "சுருதி எங்க மக்ளே?" என்றார். பியானோ அவள் காதில் மட்டும் ஓடியது என்றேன். மறுபடி பார்த்தார்.

"அப்போ ஆர்மோனியக்காரன் இவ பின்னால போயிருக்கான். நல்ல ஆளு."

அவர் சொன்ன கணக்கு இது. மேடையில் ஆர்மோனியக்காரன் பாடுகிறவனின் எசமான். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று சுருதியை உயரத்தில் வைப்பான். நடிகனுக்குத் தொண்டை கட்டியிருந்தால் தானே பின்பாட்டுப் பாடித் தாங்குவான். நடிகன் அழுதால் அழட்டும், சுருதி அழக்கூடாது. "அழுகையையும் சுருதியிலதான் அழணும். இல்லெங்கி பின்னால இருக்கவன் பீடி வலிக்க எழும்பிப் போயிருவான்."

ரஸ்ஸல் குரோவையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இவன் போலீஸ்காரன்தானே? போலீஸ்காரன் பாடினா இப்படித்தான் இருக்கும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜூன் 15

பெரியப்பா சொன்னதை நேற்று முழுக்க யோசித்தேன். ஜாவருக்குள் இசையே கிடையாது, ஆகவே தட்டையாகப் பாடுவதே பொருத்தம் என்று சொல்லலாம். படத்துக்கு வக்காலத்து வாங்குகிற பலரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு ஒத்துவரவில்லை. "ஸ்டார்ஸ்" ஒரு ஜெபம். நட்சத்திரங்கள் ஒழுங்காகத் தன் தன் இடத்தில் நிற்பதுபோல உலகமும் நிற்க வேண்டும், விழுந்தவன் விழுந்தவன்தான் என்று கடவுள்மேல் சத்தியம் செய்கிறான். அந்த நம்பிக்கை குரலில் இரும்பு மாதிரி நிற்க வேண்டும். கேசட்டில் ஃபிலிப் க்வாஸ்ட் பாடினால் நமக்கே "இவன் சொல்வது சரிதானோ" என்று பயம் வரும். குரோ பாடும்போது அடுத்த சுரம் வருமா என்று அவருக்கே சந்தேகமாக இருக்கிறது. கடைசியில் சந்தேகம் வந்து ஆற்றில் குதிக்கிறவன், தொடக்கத்திலேயே சந்தேகத்தோடு பாடினால் அப்புறம் உடைவதற்கு என்ன இருக்கிறது?

ஆனால் குரோ செய்த ஒன்று எனக்குப் பிடித்தது. சண்டை முடிந்து பிணங்களை வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள். செத்துக் கிடக்கிற சின்னப்பையன் கவ்ரோஷின் சட்டையில் ஜாவர் தன் மார்பிலிருந்த பதக்கத்தைக் கழற்றிக் குத்திவிட்டுப் போகிறான். மேடையில் இது இல்லை. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. குரோவைப் பாடவிடாத இடத்தில் அவர் நல்ல ஜாவர்.

ஜூன் 16

தக்கலைக்காரர் விடவில்லை. "நீங்கள் நாடகத்தை மேடையில் பார்த்ததே இல்லையே, எந்த உரிமையில் ஒப்பிடுகிறீர்கள்?"

நியாயமான கேள்வி. பார்த்ததில்லை. ஆனால் எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டில் இருக்கிறாள். என் சித்தி மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். குவீன்ஸ் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோது நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் போய்ப் பார்த்தவள். இருப்பதிலேயே விலை குறைந்த டிக்கெட், உச்சி மாடி. அவளிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஃபான்டீன் முகம் எப்படி இருந்தது?

"முகமா? அங்கேருந்து பார்த்தா எல்லாருக்கும் உச்சந்தலைதான் தெரியும்க்கா."

முகமே தெரியாமல் பார்த்திருக்கிறாள். எங்கே அழுதாய் என்றால், தடுப்பு சுற்றும்போது என்றாள். அப்போது மேடையே சுழலும் மேடை. சண்டை முடிந்து சத்தமெல்லாம் நின்ற பிறகு அந்தப் பெரிய தடுப்பு மெதுவாகத் திரும்பும். அதுவரை நாம் பார்க்காத மறுபக்கம் வரும். அங்கே கொடியோடு தலைகீழாகக் கிடப்பான் தலைவன் ஆஞ்சோல்ராஸ். யாரும் பாடமாட்டார்கள். உச்சி மாடியில் இருப்பவளுக்கும் முன்வரிசையில் இருப்பவனுக்கும் அது ஒன்றுதான்.

படத்தில் அவனைச் சன்னலோரம் சுட்டு, சிவப்புக் கொடியோடு வெளியே தொங்கவிடுகிறார்கள். மேடைக்கு மரியாதை செய்திருக்கிறார்கள், தெரிகிறது. ஆனால் திரும்பிவருகிற அந்த நேரம் படத்தில் இல்லை. வெட்டிக் காட்டிவிட்டார்கள்.

ஜூன் 17

இனி தோற்ற பாதி.

"ஒன் டே மோர்". முதல் பாகத்தின் கடைசிப் பாட்டு. வால்ஜான் ஓடத் தயாராகிறான், காதலர்கள் பிரிகிறார்கள், எபோனின் தனியாக நிற்கிறாள், மாணவர்கள் கொடி பிடிக்கிறார்கள், ஜாவர் உளவு பார்க்கக் கிளம்புகிறான், விடுதிக்காரத் திருடர்கள் தெனார்டியே தம்பதி செத்தவன் பையில் கைவிடக் காத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மெட்டு, எல்லாம் முன்பே நாம் கேட்ட மெட்டுகள். ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, கடைசியில் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். ஒருவர் நிறுத்தினால் மற்றவர் பாட்டு நிற்காது. நாளைக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொருவருக்கும் தன் கவலைதான். ஆனால் தாளம் ஒன்று.

மேடையில் எல்லோரும் ஒரே பலகையில் ஒரே நேரத்தில் நிற்கிறார்கள். நான் எபோனினைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் ஜாவரைப் பார்க்கலாம். என் கண், என் இஷ்டம். படத்தில் எடிட்டர் தீர்மானிக்கிறார். இவன் முகம் ஒரு நொடி, அவள் முகம் ஒரு நொடி, குதிரை, மழை, கொடி. யாருடைய முகம் திரையில் வருகிறதோ அவருடைய குரல்தான் காதில் விழுகிறது. மற்ற ஐந்து பேர் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் கண் இல்லாத இடத்துக்குக் காது போவதில்லை. ஆல்டோக்காரி சொல்கிறேன், நம்புங்கள்: நடுக்குரல்கள் அத்தனையும் காணாமல்போய்விட்டன.

எங்கள் ஹாலில் இந்தப் பாட்டின் நடுவில்தான் கரண்ட் போனது. புரொஜெக்டர் அணைந்தது. பின்வரிசை டெனர்காரர்கள் விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். கேசட் காலத்துப் பழக்கம். நாங்களும் சேர்ந்தோம், ஆல்டோ ஒரு அடி பிந்தி நுழைந்தது, பேஸ் குரலில் யாரோ தெனார்டியே வரியை ஜாவர் மெட்டில் பாடினார்கள். அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு மெட்டும் இருந்தன. கரண்ட் வந்து படம் மறுபடி ஓடியபோது கொயர் மாஸ்டரே "கொஞ்சம் பின்னால போடு, நாம பாடினதுதான் நல்லாருந்துது" என்றார். அவர் எங்களைப் பாராட்டியது அபூர்வம் என்பதால் இதையும் பதிவு செய்கிறேன்.

ஜூன் 17, இரவு

எபோனின் ரசிகர்களுக்கு ஒரு செய்தி. மேடையில் இறுதிக் காட்சியில் வால்ஜானை அழைத்துப்போக ஃபான்டீனும் எபோனினும் வருவார்கள். படத்தில் ஃபான்டீன் வருகிறாள், வாசலில் பிஷப் நிற்கிறார்; எபோனினை எடுத்துவிட்டார்கள். பிஷப் வருவது கதைக்குச் சரி. ஆனால் அந்தக் கடைசி மூவர் பாட்டில் எபோனின் பாடுவது கீழ்க்குரல். அங்கேயும் போச்சு ஆல்டோ! இத்தனைக்கும் அந்த வேடத்தில் இருந்த சமந்தா பார்க்ஸ் 2010-ல் ஓ-டூ அரங்கில் நடந்த இருபத்தைந்தாம் ஆண்டுக் கச்சேரியிலேயே பாடியவர். நல்ல குரலை வைத்துக்கொண்டே செய்திருக்கிறார்கள்.

ஜூன் 22

ஜூன் 9-ல் மறுத்தவருக்குப் பதில். யோசித்துவிட்டேன். நீங்கள் சொல்வது மேடைக்குச் சரி, நான் சொன்னது படத்துக்குச் சரி. மேடையில் பெரிய பாட்டு முடிந்ததும் கைதட்டல் வரும். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் துறைமுகத்துக் கும்பல் வந்து அவளை விழுங்கும். அங்கே கொடுமை அந்த வேகத்தில் இருக்கிறது. படத்தில் கைதட்டல் கிடையாது. எங்கள் ஹாலில் அந்தப் பாட்டு முடிந்ததும் ஒருவர்கூடத் தட்டவில்லை, ஒரு அம்மா மட்டும் "பிள்ளைய யாரு பாத்துக்கிடுவா?" என்று கேட்டார்.

ஜூன் 29

"பிரிங் ஹிம் ஹோம்" பற்றி நான் ஏன் எதுவும் சொல்லவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்லாமல் தப்பிக்கலாம் என்று பார்த்தேன்.

இது கோம் வில்கின்சனின் மேல்குரலை மனதில் வைத்து எழுதிய பாட்டு. தூங்குகிற பையனை எழுப்பிவிடாமல் ஒரு கிழவன் கடவுளிடம் கெஞ்சுவது. கேசட்டில் தேயாமல் தப்பிய பாட்டும் இதுதான். சத்தம் குறைவு, அதனால் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். ஹ்யூ ஜாக்மன் இதைத் தொண்டையைத் திறந்து பாடுகிறார். மாரியுஸ் எழும்பிவிடுவான் போல இருக்கிறது. தனிப்பாட்டில் படம் ஜெயித்தது என்று நான் சொன்ன கணக்கில் இது சேராது. அவ்வளவுதான், இதற்குமேல் ஜாக்மனைத் திட்ட மனம் வரவில்லை. முதல் காட்சியில் கடல்தண்ணீரில் நின்று கப்பல் கயிற்றை இழுத்தபடி பாடுகிற மனுஷன்.

மாறாக மாரியுஸாக வரும் எட்டி ரெட்மெய்னின் "எம்ப்டி சேர்ஸ்" நான் எதிர்பார்க்காதது. குரல் நடுங்குகிறது, தாடை ஆடுகிறது. செத்துப்போன நண்பர்கள் உட்கார்ந்த நாற்காலிகளைப் பார்த்துப் பாடும்போது சுரம் சுத்தமாக இருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

ஜூலை 6

தக்கலைக்காரர் "ஸ்டார்ஸ்" தாண்டி மீதியையும் பார்த்துவிட்டாராம். ஹாத்தவே விஷயத்தில் சரி என்கிறார், குரோ விஷயத்தில் ஆயுசுக்கும் மன்னிப்பு இல்லை என்கிறார். புது ஜாவர் மாதிரி இருக்கிறார் மனுஷன். படத்துக்கு என்று எழுதிச் சேர்த்த "சடன்லி" பாட்டு வேண்டாத சேர்க்கை என்றும் சொல்கிறார். எனக்கு அப்படியில்லை. அநாதைப் பிள்ளையை முதல் தடவை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் போகிற ஆளுக்கு ஒரு பாட்டு மேடையில் விட்டுப்போயிருந்தது. ஆனால் மெட்டு மனதில் நிற்கவில்லை என்பது உண்மை. இப்போது பாடிக்காட்டச் சொன்னால் முதல் வரிக்கு மேல் எனக்கு வராது.

ஜூலை 13

கொயர் ஆண்டுவிழாவுக்கு "ஒன் டே மோர்" பாடலாமா என்று கமிட்டியில் பேச்சு. ஒருவர் "இது கிறிஸ்தவப் பாட்டா?" என்று கேட்டார். பிஷப் வருகிற கதை என்றோம். "பாட்டில் பிஷப் வருகிறாரா?" வரவில்லை. பதிலுக்கு "பிரிங் ஹிம் ஹோம்" ஜெபம்தானே, அதைப் பாடுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். "மாஸ்டர் ஆஃப் தி ஹவுஸ்" என்று, தெனார்டியேயின் குடிவிடுதிப் பாட்டை, யாரோ மெதுவாகச் சொன்னது நல்லவேளையாக ஐயர் காதில் விழவில்லை.

பெரியப்பா ஒரு யோசனை சொன்னார். முதலில் ஜெபத்தைப் பாடிவிட்டு, அது முடிந்த கையோடு மற்றதையும் பாடிவிடுங்கள், மேடை ஏறினவனைக் கீழே இறக்க யாரும் வரமாட்டார்கள் என்று. நாடகக்காரர் புத்தி.

ஜூலை 20

பெரியப்பா யோசனைதான் ஓடுகிறது. சோல்ஃபா நோட்டில் ஆறு பகுதியும் எழுதியாகிவிட்டது. ஆல்டோவுக்கு இந்தத் தடவை எபோனின் மெட்டு, கேட்டு வாங்கிவிட்டேன். ஜாவர் கிடைத்தார், போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர், குரல் இரும்பு. மாரியுஸுக்குத்தான் ஆள் இல்லை. இருந்த டெனர் பையன் துபாய்க்குப் போய்விட்டான். கருங்கல், குழித்துறை, தக்கலை பக்கம் மேல் சுரம் எட்டுகிற பையன் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பிராக்டிஸ் சனிக்கிழமை ஆறு மணிக்கு. ரசவடை எங்கள் பொறுப்பு.